சூடு ஏறாத வண்டி

வண்டிக்குள் சூடு வரவில்லை என்பதற்காக ஒருத்தி புருஷனை விட்டுவிட்டுப் போவாளா என்று கேட்கிறீர்களே, போவாள். என் மருமகள் போனாள். அதற்காகத்தான் போனாள், வேறு எதற்காகவும் இல்லை. நீங்கள் கதவிடுக்கில் நின்று பேசுவது என் காதில் விழாது என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு முட்டிதான் போயிருக்கிறது, காது போகவில்லை.

எதிர்வீட்டுத் தையல்காரி என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். "பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க. ஹீட்டர் வேலை செய்யலன்னு யாராவது குடும்பத்தை முறிச்சுக்குவாங்களா? அவளுக்குச் சூடு வேற எங்கயோ கிடைச்சிருக்கும்."

"உன் வாயில ஊசி வச்சிருக்கியா, இல்ல நாக்கே அப்படித்தானா?" என்றேன்.

"நான் என்னத்தைச் சொல்லிட்டேன், தெருவே சொல்லுது. உங்க பிள்ளை தங்கம். ஒரு அடி உண்டா? ஒரு வசவு உண்டா? குடி உண்டா?"

இல்லை. அடியும் இல்லை, வசவும் இல்லை, குடியும் இல்லை. பெற்றவள் நானே சொல்கிறேன், என் பிள்ளை குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. தெருமுனையில் பட்டறை வைத்திருக்கிறான். இந்தத் தெருவில் அவன் கை படாத வண்டி இல்லை. தையல்காரி வீட்டு வேன் மழையில் நின்றுபோனால் சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவான். யார் என்ன கேட்டாலும் "சரி, பாத்துக்கலாம்" என்பான். முடியாது என்கிற சொல்லே அவன் வாயில் கிடையாது. அதுதான் விஷயம். அதைத்தான் நான் சொல்ல வருகிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

மருமகள் வீட்டுக்கு வரும்போது கூடவே ஒரு பழைய பிக்கப் வண்டியும் வந்தது. அவள் அப்பாவுடையது. அந்த மனிதர் அதில்தான் ஆயுசு முழுக்க பாரம் ஏற்றினார். மகளை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கப் பழக்கினவர். அவர் போன பிறகு வண்டி இவளுக்கு வந்தது. நீல நிறம், ஒரு பக்கக் கதவு மட்டும் வெள்ளை. இடது கண்ணாடியை இறக்க வேண்டுமானால் கையால் பிடித்து இழுக்க வேண்டும். ஆனால் இன்ஜின் மட்டும் கடிகாரம் மாதிரி ஓடும்.

கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே பெரிய சலவைக்கூடத்தில் வேலை பிடித்தாள். மலைப்பாதையில் இருக்கிற தங்கும் விடுதிகளுக்கு விடியற்காலையில் வெளுத்து மடித்த துணியை ஏற்றிக்கொண்டு போய் இறக்க வேண்டும், அழுக்குத் துணியை மூட்டை கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். விரிப்பு, துண்டு, தலையணை உறை. தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு அவள் கிளம்புவதைப் பார்த்தால் ஒரு படைக்கே தலைமை தாங்கிப் போகிற மாதிரி இருக்கும். திரும்பி வரும்போது களைத்துத்தான் வருவாள், ஆனால் வாய் நிறையக் கதையோடு வருவாள். எந்த விடுதியில் யார் விரிப்பில் மையைக் கொட்டினார்கள், எந்தச் சமையல்காரன் எந்தப் பணிப்பெண்ணிடம் வழிகிறான், எல்லாம் சமையலறையில் நின்றுகொண்டே சொல்லுவாள். நானும் அவளும் சிரித்துச் சிரித்து அடுப்பில் பாலைப் பொங்கவிட்டிருக்கிறோம். அந்த வேலை அவளுக்கு மூச்சு மாதிரி.

அவன் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. பட்டறையில் மற்றவர்கள்தான் சொன்னார்கள். "என்னப்பா, வீட்டுல அம்மா டிரைவராம், ஐயா கிளீனராம்?" என்று வெல்டிங்காரன் கேட்டானாம். எல்லோரும் சிரித்தார்களாம். இவனும் சிரித்தானாம். அதை அவனே வந்து என்னிடம் சொன்னான், சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அன்றைக்குத் தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. பெற்றவளுக்குத் தட்டைப் பார்த்தால் தெரியாதா?

அந்த வருஷம் குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. முதல் உறைபனி விழுந்த வாரத்தில் அவன் அவளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக்கொண்டு வந்தான். உள்ளே கம்பளி வைத்தது. ஆரஞ்சு நிறப் பெட்டி, மேலே பூட்ஸ் படம். தெருவே அதைப் பார்த்து மூக்கில் விரலை வைத்தது. தையல்காரி தன் புருஷனைக் கூப்பிட்டு, "பாருங்க, ஆம்பிளைன்னா இப்படி இருக்கணும்" என்று காட்டினாள். எனக்கும் பெருமைதான்.

அந்த வாரத்திலிருந்துதான் வண்டியில் சூடு சரியாக வரவில்லை.

முன்பெல்லாம் வண்டியைக் கிளப்பிச் சந்தையைத் தாண்டுவதற்குள் உள்ளே கம்பளியைக் கழற்றிவிடலாம் போல இருக்கும். இப்போது ஹீட்டரை முழுக்கத் திருப்பினாலும், யாரோ வாயால் ஊதுகிற மாதிரி வெதுவெதுப்பு, அவ்வளவுதான். முதல் நாளே அவனிடம் சொன்னாள்.

"என்னங்க, ஹீட்டர் சரியா வரல."

"பழைய வண்டிதானே. பாத்துக்கலாம்."

மறுநாளும் சொன்னாள். அப்போதும் பாத்துக்கலாம். பிறகு ஒரு நாள் பானெட்டைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஹீட்டர் பெட்டி அடைச்சுக்கிட்டிருக்கு. டேஷ்போர்டு முழுசாப் பிரிக்கணும். பிரிச்சா வண்டி பத்து நாள் நிக்கும். குளிர் போகட்டும், செஞ்சு தர்றேன்" என்றான்.

குளிர் போன பிறகு ஹீட்டர் எதற்கு? கேட்கத் தோன்றவில்லை எங்களுக்கு. அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்தோம். வேறு பட்டறைக்குப் போகலாமே என்று நான் கேட்டதற்கு மருமகள் சொன்னாள், "உங்க பிள்ளை பட்டறை வச்சிருக்கும்போது நான் இன்னொருத்தர்கிட்ட வண்டியை விட்டா அவருக்கு என்ன மரியாதை, அத்தை?" அவன் மரியாதையை அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

கம்பளியைச் சுற்றிக்கொண்டு போனாள். கையுறை மேல் கையுறை போட்டாள். குளிரைக்கூடத் தாங்கலாம், கண்ணாடிதான் தொல்லை. சூடான காற்று அடித்தால்தான் முன்கண்ணாடியில் மூச்சு படியாது. இவளுக்கோ மூச்சு விட்டால் கண்ணாடி வெள்ளையாகிவிடும். துடைப்பாள், மறுபடி படியும். ஒரு தட்டளவு இடத்தைத் துடைத்துக்கொண்டு அதன் வழியே மலைப்பாதையைப் பார்த்து ஓட்டினாள்.

ஒரு நாள் பாலத்துக்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் வண்டியை உரசிவிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். முன்பக்கத் தகடு ஒடுங்கிப்போயிற்று. வீட்டுக்கு வந்து எங்களிடம் சொன்னாள். என் பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசலில் உட்கார்ந்து ஒடுங்கின தகட்டைத் தட்டித் தட்டி நிமிர்த்தினான். தேய்த்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். தகடு புதுசு மாதிரி ஆயிற்று. ஹீட்டரைத் தொடவில்லை.

அதற்குப் பிறகுதான் மருமகள் தானே பார்ப்பது என்று முடிவு பண்ணினாள். அவள் ஒன்றும் மெக்கானிக் இல்லை. அப்பா பக்கத்தில் நின்று பார்த்தது கொஞ்சம், சலவைக்கூடத்துக் கொதிகலன்காரரிடம் கேட்டது கொஞ்சம். தப்பும் தவறுமாகத்தான் ஆரம்பித்தாள். முதலில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கும் என்று நினைத்தாள். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பார்த்தால் விளிம்பு வரை இருக்கிறது. பிறகு காற்றை ஊதுகிற ஃபேன்தான் கெட்டிருக்கும் என்று ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். ஃபேனில் ஒரு குறையும் இல்லை. காற்று அடிக்கிறது, அந்தக் காற்றில் சூடுதான் இல்லை.

"அத்தை, இந்தத் திருகை நான் சொல்லும்போது திருப்புங்க" என்று என்னை வண்டிக்குள் உட்கார வைத்துவிட்டு, அவள் தலைகீழாக டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்துகொண்டாள். இரண்டு காலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "பெரியம்மா, மருமக எங்க?" என்று குரல்.

"காலு இங்க இருக்கு, மிச்சத்தைத் தேடிக்கிட்டிருக்கேன்" என்றேன். உள்ளேயிருந்து மருமகள் சிரித்ததில் வண்டியே குலுங்கியது.

நான் திருக, உள்ளே காற்றைத் திருப்பிவிடுகிற சின்னக் கதவு ஒழுங்காகத் திறந்து மூடியது. அதுவும் சரி. இனி மிச்சம் அவன் சொன்ன அடைப்புத்தான்.

அதைப் பார்க்க ஒரு வழியைக் கொதிகலன்காரர் சொல்லியனுப்பியிருந்தார். இன்ஜினிலிருந்து ஹீட்டர் பெட்டிக்கு இரண்டு ரப்பர் குழாய் போகிறது. ஒன்றில் சூட்டுத் தண்ணீர் உள்ளே போகும், மற்றதில் திரும்பி வரும். பெட்டி அடைத்திருந்தால் போகிற குழாய் கொதிக்கும், வருகிற குழாய் சில்லென்றிருக்கும். வண்டியை வெகுநேரம் ஓடவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டையும் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் கையை எடுத்து அவற்றின் மேல் வைத்தாள்.

"எப்படி இருக்கு, அத்தை?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. குழந்தையைக் குளிப்பாட்டுற தண்ணி மாதிரி."

"அடைப்பே இல்ல, அத்தை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பானெட்டை மூடிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். தெருவில் இருக்கிற வண்டியின் நோயெல்லாம் இருமலிலேயே கண்டுபிடிக்கிறவன் அவள் புருஷன். அவனுக்கு இந்த இரண்டு குழாயைத் தொட்டுப் பார்க்கத் தெரியாதா? அவளுக்கு அங்கேதான் முதல் முள் தைத்தது. ஆனாலும் அவனைச் சந்தேகப்பட அவளுக்கு மனசு வரவில்லை. "அவருக்கும் தப்பு வரும்ல, அத்தை" என்றாள், நான் ஒன்றும் கேட்காமலே.

அடுத்த தடவை மலைக்குப் போனபோது என்னையும் ஏற்றிக்கொண்டாள். என் வேலை கையைக் காற்று வருகிற வழியில் வைத்துக்கொண்டு சொல்வது. ஏற்றத்தில் இன்ஜின் முக்கி முனகும்போது கொஞ்சம் சூடு வந்தது. இறக்கத்தில் வேகமாகப் போகப் போகக் கை விறைத்தது. முகப்பில் சூட்டைக் காட்டுகிற முள் பாதிக்கு வரவேயில்லை, அடியிலேயே படுத்துக் கிடந்தது. "வெயில் காலம் முழுக்க இது நடுவுல நிக்கும், அத்தை. ஒரு நாளும் மேலயும் போகாது, கீழயும் வராது" என்றாள். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டையைச் செருகிக் காற்றை மறைத்துப் பார்த்தாள். உடனே உள்ளே சூடு கொஞ்சம் ஏறியது. அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. குறை ஹீட்டரில் இல்லை. இன்ஜினே சூடேறவில்லை.

இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு சின்ன வால்வு உண்டு, தெர்மோஸ்டாட் என்பார்கள். உள்ளங்கையில் அடங்குகிற வட்டம், நடுவில் ஸ்பிரிங். தண்ணீர் சூடாகிறவரை வழியை மூடிக்கொண்டிருக்கும். நன்றாகச் சூடான பிறகுதான் ரேடியேட்டருக்குத் திறந்துவிடும். அது திறந்தபடியே கிடந்தால் குளிர்காலத்தில் தண்ணீர் சூடாகிறதற்குள் ஆறிவிடும். "வால்வு திறந்த மேனிக்குச் சிக்கிக்கிட்டிருக்கு, அத்தை. வேற ஒண்ணுமில்ல. புதுசு வாங்கி மாட்டிட்டா முடிஞ்சுது" என்றாள். அவள் முகம் அப்படித் தெளிந்ததை நான் பல நாளாகப் பார்க்கவில்லை. அன்றைக்குத் திரும்பும் வழியிலேயே புது வால்வை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு போல்ட்டைக் கழற்றி, வால்வு இருக்கிற கூட்டின் மூடியைத் தூக்கினாள். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மூடிக்குள் ஒன்றும் இல்லை. சிக்கிக்கொண்ட வால்வும் இல்லை, உடைந்த வால்வும் இல்லை. வெறும் ஓட்டை. விரலை விட்டுத் துழாவினாள், காணாமல்போன மோதிரத்தைத் தேடுகிற மாதிரி.

பிறகு மூடிக்கு அடியில் ஒட்டியிருந்த பேக்கிங்கைக் கத்தியால் மெதுவாக உரித்தெடுத்தாள். தண்ணீர் கசியாமல் இருக்க நடுவில் வைக்கிற அட்டைத் துண்டு அது. கடையில் வாங்குகிறவர்கள் உண்டு. என் பிள்ளை வாங்கமாட்டான், கையில் கிடைக்கிற நல்ல அட்டையைக் கத்தரித்துத் தானே செய்வான். பிசிறில்லாமல் வெட்டுவான், அதில் அவனுக்கு ஒரு பெருமை. அவன் பேக்கிங்கை எந்த வண்டியில் பார்த்தாலும் அவன் கை என்று சொல்லிவிடலாம்.

அவள் அதைத் துடைத்து என்னிடம் நீட்டினாள். நடுவில் ஊறிக் கறுத்திருந்தது. ஆனால் தண்ணீர் படாத ஓரத்தில் ஆரஞ்சு நிறம். அதில் பூட்ஸ் படத்தின் குதிகால் துண்டு.

எனக்கு எழுத்துத் தெரியாது. இதைப் படிக்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. இன்ஜின் கொதிக்கும் என்று வெயில் காலத்தில் கழற்றியிருந்தால் அந்தப் பெட்டி ஏது? பூட்ஸ் வாங்கிக் கொடுத்த கையோடு, அதே பெட்டியை வெட்டி, குளிர் ஆரம்பித்த அந்த வாரத்தில் கழற்றியிருக்கிறான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வந்து உட்கார்ந்தான். அவள் சோற்றைப் போட்டுவிட்டு அட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னங்க?"

பார்த்தான். ஒரு கவளம் சாப்பிட்டான். "பேக்கிங்."

"உள்ள வால்வு இல்ல."

"பழைய வால்வு. சிக்கிக்கிட்டா இன்ஜின் வெந்துடும். அதான் கழட்டிட்டேன். உன் நல்லதுக்குத்தான்."

"அப்ப ஏன் ஹீட்டர் பெட்டி அடைச்சிருக்குன்னு சொன்னீங்க?"

அவன் சோற்றைப் பிசைந்தான்.

"சுவத்துல மோதிட்டு வந்து நின்னேனே, அன்னைக்காவது சொல்லியிருக்கலாமே?"

"மோதினதுக்கப்புறமாவது நிறுத்திடுவேன்னு நினைச்சேன்" என்றான். சத்தம் இல்லை, கோபம் இல்லை, உப்புக் குறைகிறது என்று சொல்கிற குரலில் சொன்னான்.

"டேய், அவ செத்திருந்தா?" என்றேன்.

"ஏம்மா, நான் என்ன அவளைப் போகாதேன்னு சொன்னேனா? ஒரு நாளாவது தடுத்தேனா? நீயே சொல்லு. குளிருது, கஷ்டமா இருக்குன்னு அவளே நின்னுக்கட்டும்னு இருந்தேன். இதுல என்ன தப்பு? நாலு பேர் கேக்குறதுக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டியிருக்கு?"

மருமகள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். "வேணாம்னு சொல்லியிருந்தா உங்களோட சண்டை போட்டிருப்பேன். ஒண்ணு நீங்க ஜெயிச்சிருப்பீங்க, இல்ல நான். ஆளே தெரியாம நான் இத்தனை நாளா குளிரோட சண்டை போட்டுக்கிட்டிருந்திருக்கேன்."

"சரி, விடு. வால்வை மாட்டித் தர்றேன். பாத்துக்கலாம்."

"நானே மாட்டிக்கிறேன்."

மாட்டினாள். சாயங்காலத்துக்குள் மாட்டி, தண்ணீர் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றுக்குமிழி போகிறவரை இன்ஜினை ஓடவிட்டு, முள் நடுவில் வந்து நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் கை கழுவினாள். நான் நினைத்தேன், சரியாகிவிட்டது, கோபம் ஆறினால் சிரித்துவிடுவாள் என்று. அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. இனிமேல் அந்த வண்டியில் எது கெட்டாலும், பிரேக் கொஞ்சம் இழுத்தாலும், அவள் முதலில் அவன் கையைத்தானே பார்க்க வேண்டும்? அவன் போட்டுக் கொடுக்கிற தேநீரைக்கூட முகர்ந்து பார்த்துக் குடிக்கிற பிழைப்பு ஒரு பிழைப்பா?

காலையில் நல்ல வெளிச்சம் வந்த பிறகுதான் போனாள். இருட்டில் ஓடிப்போனாள் என்று சொல்கிறவர்கள் வாயில் மண். சலவைக்கூடத்து முதலாளியம்மா மாடியில் ஒரு அறை தருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு பை, அப்பாவின் கருவிப்பெட்டி, வேறொன்றும் எடுக்கவில்லை. பூட்ஸ் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது, பழைய செருப்பைத்தான் மாட்டினாள். வாசல்படியில் நின்று என் கையைப் பிடித்தாள்.

"நான் அவன்கிட்ட பேசுறேன்டி" என்றேன்.

"அவர்தான் ஒண்ணுமே சொல்லலையே, அத்தை. எதைப் பேசுவீங்க?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வெளியே என் பிள்ளை அவளுக்கு முன்னாலேயே வண்டியிடம் போயிருந்தான். ராத்திரி உறைபனி கண்ணாடி முழுக்கப் பாளமாக ஒட்டியிருந்தது. கையில் சுரண்டியை வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்திருந்தான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. வெல்டிங்காரன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நீங்கள் பார்த்தது இதைத்தான். விட்டுப் போகிறவளுக்குக்கூடக் கண்ணாடி துடைத்துக் கொடுத்த உத்தமன் என்று சொல்கிறீர்களே, இதைத்தான்.

"பாத்துப் போ. இறக்கத்துல வழுக்கும்" என்றான், தெருவுக்கே கேட்கும்படி.

அவள் பைகளை உள்ளே வைத்தாள். "விடுங்க. வேணாம்" என்றாள்.

"உருகவே அரை மணி ஆகும்."

"ஆகட்டும்."

ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்ஜினைக் கிளப்பினாள். அவன் சுரண்டியோடு பக்கத்திலேயே நின்றான், போவதா இருப்பதா என்று தெரியாமல். கண்ணாடிக்குப் பின்னால் அவள் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு பனி. தெரு முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியின் அடியில் ஒரு கீற்று ஈரமாகியது. பிறகு அது அகன்று மேலே ஏறியது. பனி துண்டு துண்டாக வழுக்கிப் பானெட்டின் மேல் விழுந்தது. முதலில் ஸ்டியரிங் மேல் அவள் கைகள் தெரிந்தன, கையுறை இல்லாமல். பிறகு முகம் தெரிந்தது. அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி முழுக்கத் தெளிகிறவரை பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டு, கியரைப் போட்டாள்.